எழுந்து போகாத விருந்தாளி

குஷன் கடைக்காரரின் வீட்டில், சாப்பாட்டு மேசையின் நான்காவது நாற்காலி ஒரு காலையில் யாரும் உட்காராமலே அமுங்கியது. அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர்: அவர், அவர் மனைவி, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள். ஆண்டவரே, வந்து எங்களோடு உட்காரும் என்று மனைவி வழக்கம்போல் ஜெபித்துக் கண்ணைத் திறந்தபோது நாற்காலியின் மெத்தையில் பள்ளம் விழுந்திருந்தது. பேருந்து இருக்கைகளுக்கு ஸ்பஞ்சு வெட்டி ரெக்ஸின் தைத்தே பிழைத்தவர் என்பதால் கணவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். "நடுத்தரமான ஆளு. ரொம்ப தூரம் நடந்து வந்த மாதிரி உட்கார்ந்திருக்காரு" என்றார். மனைவி நான்காவது தட்டை எடுத்து வைத்தாள். அதில் பரிமாறியது தொடப்படாமலே இருக்கும். அடுத்த வேளைக்கு மகள் அதைத் தின்றுவிடுவாள்.

தெரு முழுக்க வந்து பார்த்தது. போதகர் நின்றபடியே ஜெபித்துவிட்டு, உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டுப் போனார். "ஸ்பிரிங் போயிருக்கும் அண்ணி. ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிற எங்கண்ணன் வீட்டு லட்சணம் இது" என்று நாத்தனார் சிரித்தாள். ஆனால் அவளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சில மாதங்களில் எல்லோருக்கும் சலித்துப்போக, அதிசயம் வீட்டுச் சாமான்களில் ஒன்றாயிற்று. மகளுக்கு மட்டும் அது ஓயாத வேடிக்கை. "அம்மா, இன்னிக்கு உப்பு ஜாஸ்தி. விருந்தாளி பாவம், வாயத் திறந்து சொல்லவும் முடியாது" என்பாள்.

அடுத்த வருடம் ஒரு பெரிய பேருந்து நிறுவனத்தின் வேலை முழுவதும் அவர்களுக்கே வந்தது. கடை இரண்டு மடங்கானது. அதற்கடுத்த கோடையில் ஸ்பஞ்சில் தீப்பிடித்து, கரும்புகை அடங்கியபோது தையல் இயந்திரங்களின் இரும்புதான் மிஞ்சியிருந்தது. இரண்டு காலத்திலும் நாற்காலியின் பள்ளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாம்பல் படிந்த முகத்தோடு வீடு திரும்பிய கணவரிடம் மனைவி, "அவரு எழுந்து போகலையே, அது போதுங்க" என்றாள். அது போதுமாகத்தான் இருந்தது. அவர் வீட்டு வாசலிலேயே கை ஊசியால் தைக்கத் தொடங்கினார். அவள் நூல் கோத்துக் கொடுத்தாள்.

பிறகு மகளின் ரத்தத்தில் நோய் கண்டது. மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். தாய் நான்காவது நாற்காலியை இழுத்துவந்து கட்டிலருகே போட்டு, எதுவும் கேட்காமல் நின்றாள். கேட்காமலே புரியும் என்று நம்பினாள். அன்று முதல் மகளின் வலது உள்ளங்கையில், யாரோ இறுகப் பற்றியிருப்பதுபோல் விரல்கள் பதிந்த தடம் தெரிந்தது. "விருந்தாளி கை சொரசொரன்னு இருக்கும்மா. அப்பா கை மாதிரியே" என்றாள் மகள். அவள் கண் மூடிய முற்பகலிலும் அந்தத் தடம் அப்படியே இருந்தது. சவப்பெட்டியை மூடும்வரை அது மறையவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் வேதாகமத்திலிருந்து, ஆண்டவர் வந்துசேரத் தாமதமானதால் தன் சகோதரன் இறந்துபோனான் என்று புலம்பிய ஒரு பெண்ணைப் பற்றி வாசித்தார். தாய் அழாமல் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியின் எதிரே போய் நின்றாள். இத்தனை வருடம் அவரிடம் ஜெபத்தின் மொழியிலேயே பேசி வந்தவள், அன்று கணவனிடம் சண்டை போடுகிற மொழியில் பேசினாள். "அந்தப் பொண்ணுக்காவது, நீங்க வரலேன்னு சொல்ல ஒரு வழி இருந்துச்சு. நீங்க இங்கேயேதான இருந்தீங்க!"

நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தெருவோரம் விட்டாள். அன்றைக்கு மழை கொட்டியது. கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நனைஞ்சுகிட்டே உட்கார்ந்திருக்காரு" என்றார். அவள் கதவைச் சாத்தினாள். வாரக்கணக்கில் நாற்காலி அங்கேயே கிடந்தது. நாய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. கணவர் நான்காவது தட்டை எடுத்து வைப்பார்; அவள் அதை எடுத்துக் கவிழ்ப்பாள். ஜெபிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடித்த ஒரு நாள், வாசல் பெருக்க வந்தவள் நாற்காலியின் மெத்தை நனைந்திருப்பதைக் கண்டாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், வெறும் காற்றிலிருந்து துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"அழுதா ஆச்சா?" என்று கேட்டாள். துளிகள் நிற்கவில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிறகு தெருவென்றும் பாராமல் மண்ணில் உட்கார்ந்து, மகள் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். யார் முதலில் ஓய்ந்தார்கள் என்று சொல்லத் தெருவில் சாட்சி இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள்.

"சரி, உள்ள வாங்க. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க" என்று அவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

ஏன் என்று அவள் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடவும் செய்தாள். மேசையில் அவர் முகம் துடைக்கவென ஒரு துண்டும் வைத்தாள். வாரம் ஒருமுறை அதை மற்றத் துணிகளோடு துவைத்துக் கொடியில் போடுவாள். மற்றவை மதியத்துக்குள் காய்ந்துவிடும். அந்தத் துண்டு மட்டும் சாயங்காலம் வரை சொட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்று கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.