சிவகுமார் பார்த்துவிட்டு வந்த பூங்கா

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருக்கும் சிவகுமாருக்கு எதைக் கண்டாலும் இளக்காரம். தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனியில் செய்து முடித்த சாமான்களைச் சோதித்து, தேறாததைக் கழித்துக்கட்டுகிற வேலை அவனுக்கு. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை அவன் கழற்றி வைப்பதில்லை.

அவன் மனைவி பாக்யலட்சுமியின் அக்கா ஷோபா பெங்களூரில் இருக்கிறாள். அவள் தன் பிள்ளைகளை நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் 'ஹேப்பி ஹிப்போ' நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், போட்டோக்களாக அனுப்பித் தள்ளியிருந்தாள். சிமெண்டில் செய்த ஊதா நிற நீர்யானை ஒன்று வாயைப் பிளந்து நிற்க, அதன் நாக்கின்மேல் ஷோபாவின் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க, வர ஞாயித்துக்கெழம நம்மளும் பசங்கள கூட்டினு போலாமா?" என்றாள் பாக்யலட்சுமி.

"அந்த நீர்யானை வாயில பூந்து போட்டோ புடிக்கவா? பாதிப் பேரு ஒண்ணுக்குப் போற தண்ணில எம் புள்ளைங்கள எறக்கணுமா? உங்கக்காவுக்கு மூளைன்னு ஒண்ணு கீதா இல்லியா?"

"பாக்காமயே எப்பிடிங்க பேசறீங்க? போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க. நல்லா இல்லன்னா அதுக்கப்பால நான் வாயத் தொறக்கல."

ரூபேஷுக்கு ஐந்து வயது. சின்னவள் தன்யா இப்போதுதான் தத்தித் தத்தி ஓடப் பழகியிருந்தாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அங்கே போகலாமா கூடாதா என்று பார்த்து வரும் பொறுப்பு இப்படித்தான் சிவகுமாரின் தலையில் விழுந்தது. உண்மையில் அவனுக்கு அதில் குஷிதான். தீர்ப்பை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. சாட்சி சேகரிக்க வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நுழைவாயிலில் டிக்கெட் கொடுத்த பெண், "ஒருத்தர்தானா சார்?" என்று கன்னடத்தில் இரண்டு முறை கேட்டாள். அவன் பணத்தை மட்டும் நீட்டினான். இவளுக்கெல்லாம் பதில் வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தபடி உள்ளே போனான்.

உள்ளே அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது, அதாவது மோசமாக இருந்தது. பொம்மைக் கோட்டையின் சுவரில் வண்ணம் உரிந்து உள்ளிருந்த கம்பி தெரிந்தது. தாய்மார்கள் பால் கொடுக்கும் அறை என்று படம் போட்ட கதவைத் தள்ளினால் துடைப்பங்களும் வாளிகளும் அடைந்து கிடந்தன. கழிப்பறை ஒரு கோடியில், குழந்தைகள் குளம் மறு கோடியில். பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் ஒரு கோமாளி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையளவுக்கு உயரம் இல்லாத குழந்தை ஏறக் கூடாது. ரூபேஷ் ஏறக்கூடியது ஒரு பொம்மை ரயில், அதுவும் ரிப்பேர். தன்யாவுக்கு அதுவும் கிடையாது. ஆனால் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் வியர்த்துக் கொட்ட நின்றவர்களின் முகத்தில் சந்தோஷம் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருந்தது. அதைக் காணத்தான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

குழந்தைகள் குளத்துக்குள் போகப் போனபோது விசில் அடித்தான் காவலாள்.

"சார், தனியா வர்ற ஆம்பளைங்கள இங்க விடறதில்ல. கொழந்தையோட வாங்க, விடறேன்."

"கொழந்தைங்களக் கூட்டினு வரலாமான்னு பாக்கத்தான்யா வந்துக்கீறேன்."

"அதுக்குக் கொழந்தை வேணும் சார்."

சிவகுமார் அவனை மேலும் கீழும் பார்த்தான். இந்த மாதிரி முட்டாளிடம் பேசுவது தன் நாக்குக்குக் கேடு என்று தீர்மானித்து, எதிரே ஒரு சிமெண்டு யானையின் நிழலில் போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தான். மூன்று வயதுக்கு மேல் இருக்காது. வாத்து மூக்கு வைத்த தொப்பி, ஈரமான நீச்சல் உடை. நடைபாதையின் நடுவில் நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி அழுதுகொண்டிருந்தது. வெறுங்கால், கீழே கொதிக்கிற சிமெண்டுத் தரை. போகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், படத்தில் குழந்தை விழுகிறதே என்று இரண்டடி தள்ளி நின்றாள். யாராவது வருவார்கள் என்று சிவகுமார் காத்திருந்தான். யாரும் வரவில்லை. 'த்தூ, இதெல்லாம் மனுஷ ஜென்மமா' என்று முணுமுணுத்தபடி எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

அது அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதது. பாப்கார்ன் விற்றுக்கொண்டிருந்த ஊழியனிடம் காட்டினான். அவன் செல்போனிலிருந்து தலை தூக்காமல், "ஆபீஸ் அந்தப் பக்கம்" என்றான். ஒலிபெருக்கியில் அலறிய பாட்டில் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆபீஸைப் பார்த்து நடந்தான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைப் பிடித்துத் திருப்பியது. என்ன ஏது என்று தெரிவதற்குள் கன்னத்தில் விழுந்தது அறை. கழுத்தில் செல்போன் பை தொங்க, உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட நின்ற ஒரு தடியன், "எம் பொண்ண எங்கடா தூக்கினு போற?" என்று கத்தினான். சுற்றிலும் கூட்டம் கூடியது. சற்றுமுன் குழந்தையைச் சுற்றிக்கொண்டு போன அதே ஜனம்தான். இப்போது எல்லார் கையிலும் போன். எல்லாம் அவன் முகத்தைப் படம் பிடித்தன.

அப்பன்காரன் குழந்தையைப் பிடுங்கினான். குழந்தை காலரை விடவில்லை. சட்டை கிழிந்து பொத்தான்கள் தெறித்தன. கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், "அது அவருகிட்டயே ஒட்டிக்குது பாருங்க, விடுங்க" என்றாள். அதன் பிறகு இரண்டாவது அறை விழவில்லை.

காவலாள் இருவரையும் கூட்டிப்போன ஆபீஸில் குளிர்சாதனம் ஓடியது. கழுத்தில் அட்டை தொங்கிய மேனேஜர் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, "உங்க மேல தப்பில்ல சார், எல்லாம் ரெகார்ட் ஆயிருக்கு" என்று பல்லைக் காட்டினான்.

"அந்தக் கொழந்தை தனியா நின்னு அழுதது தெரியுதா?"

"கிளியரா தெரியுது சார்."

"அப்போ இங்க உக்காந்துனு யாருனா பாத்தீங்களா?"

மேனேஜர் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினான். ஊதா நீர்யானை பொம்மை ஒன்றையும் எடுத்து வைத்து, "நெக்ஸ்ட் டைம் பேமிலியோட வாங்க சார்" என்றான். சிவகுமார் இரண்டையும் தொடவில்லை. அப்பன்காரன் மன்னிப்புக் கேட்காமலே போயிருந்தான்.

வழி நெடுக சிவகுமார் மனதுக்குள் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினான். கன்னம் தடித்திருந்தது.

கிழிந்த சட்டையைப் பார்த்ததும் பாக்யலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். துடைப்பம் அடைந்த அறையிலிருந்து கேமரா வரைக்கும் சொல்லி முடித்து, "அதெல்லாம் ஒரு எடமா? அங்க போறவன் ஒரு மனுஷனா?" என்றான்.

"அந்தப் பொண்ணுக்கு காலு வெந்துடுச்சா?"

"செவந்து இருந்துச்சு."

"அவங்கப்பன் எங்க போயிருந்தானாம்?"

"சறுக்குல ஏற லைன்ல நின்னுனு இருந்தானாம். போன் வேற. கழுதை."

பாக்யலட்சுமி கிழிந்த காலரைத் தொட்டுப் பார்த்தாள். "நம்மளும் போயிருந்தா நீங்களும் அப்பிடித்தான் நின்னுனு இருப்பீங்க. கோவில்ல, கல்யாணத்துல எல்லாம் பசங்க எங்கன்னு நான்தான தேடறேன். நீங்க பந்தியில பாயசம் நல்லா இல்லன்னு சொல்லினு இருப்பீங்க."

சிவகுமார் திரும்பி, பிள்ளைகள் எங்கே என்று பார்த்தான்.

அவள் ஷோபாவுக்குப் போன் போட்டு, "சின்னப் பசங்களுக்கு அது சரிப்படாது அக்கா, இவரு பாத்துட்டு வந்துட்டாரு" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, "ஆமா, நம்மதான் பாத்துக்கணும். கேமராவ நம்பி புள்ளைய வுட முடியுமா?" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடி வாங்கிய சங்கதியைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை பஜாருக்கு ரூபேஷைச் செருப்பு வாங்கக் கூட்டிப் போனான் சிவகுமார். கடைவீதியில் நெரிசல். பையனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான்.

"வலிக்குதுப்பா."

"வலிச்சா வலிக்கட்டும்" என்றான். நாலு கடை தாண்டியதும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, விரல்களைக் கோத்துக்கொண்டான்.