சீனிக்கு வைத்த பெட்டி

கணேசமூர்த்தி மனைவியை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. காஜா பேராங் வட்டாரத்தில் அதற்காக அவரைத் தங்கமான மனுஷர் என்பார்கள். தங்கமாவது! குழம்பில் உப்புக் கூடிப்போனால் பூனையைப் பார்த்து, "ஒனக்கென்ன, கடலையே கரைச்சு ஊத்தினாலும் குடிப்ப" என்பார். வீடு கூட்டாமல் கிடந்தால் சுவரிடம் புலம்புவார். விழ வேண்டிய காதில் அது சரியாகப் போய் விழும். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த ஜாடைப் பேச்சைப் பிரித்துக் கேட்பதில் பாக்கியலட்சுமி கைதேர்ந்தவளாகிவிட்டாள்.

நாடு சுதந்திரம் வாங்க இரண்டு மாதம் இருக்கையில் அவளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எல்லாம் படுக்கையிலேயே. காலையில் வந்து துடைத்து விரிப்பு மாற்ற அஞ்சலை என்ற பெண்ணை அவர் ஏற்பாடு செய்தார். டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைக்கு எட்டுத் தம்ளர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது, தண்ணீர் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. கணேசமூர்த்தி ஆபீசுக்குக் கிளம்புமுன் கூஜாவை நிரப்பி, அவளது இடது கைக்கு எட்டும் முக்காலியில் வைத்துவிட்டுப் போவார்.

வீட்டில் இன்னொரு ஜீவன் சீனி. அவள் நடமாடிய நாளில் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை முயல். அவள் படுத்ததிலிருந்து அது கட்டிலடியை விட்டு நகர்வதில்லை. இருப்பும் அங்கேதான், மூத்திரமும் அங்கேதான். ஆபீஸ் நண்பர் தாவூத் ஒரு வழி சொன்னார்: பெட்டியில் மரத்தூளைக் கொட்டி, அதன் புழுக்கையையே கொஞ்சம் போட்டு வைத்தால் வாசனை பிடித்து அதிலேயே போகப் பழகிவிடுமாம். கணேசமூர்த்தி பெட்டியைக் கட்டிலை ஒட்டி வைத்தார். கங்கோங் கீரை தின்றதும் முயலைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். அது குதித்து வெளியே வந்து தரையை நனைத்தது. நாலைந்து நாள் இதே கூத்து. ஒரு காலை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"படுக்குற எடத்துலயே பெய்யிறியே, வெக்கமா இல்ல? வீடே நாறுது. எத்தன நாளைக்கு நான் அள்ளிக் கொட்டுறது?"

சத்தியமாக முயலைத்தான் சொன்னார். ஆயுளில் ஒருமுறை, யாரைப் பார்த்துப் பேசினாரோ அதைத்தான் திட்டினார்.

மறுநாளிலிருந்து எல்லாம் நேராகிவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் மரத்தூள் நன்றாக நனைந்திருக்கும். கூஜா காலி. விரிப்பு அவ்வளவாக நனைவதில்லை என்று அஞ்சலையும் சொன்னாள். முயலும் படிந்தது, மனைவியும் தேறுகிறாள் என்று மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் உதடு வெடித்திருந்ததையும் பகலெல்லாம் கண் செருகிக் கிடந்ததையும் வெயிலின் மேல் போட்டுவிட்டார்.

சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று விடுமுறை. ஊர் முழுக்கக் கொடியேற்றத்தைப் பார்க்கப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்விட்டது. அவர் கொல்லையில் குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தார். பாக்கியலட்சுமி தம்ளரை இடது கையில் தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோகாமல், நடுங்க நடுங்கக் கட்டிலுக்கு வெளியே நீட்டி மரத்தூளில் கவிழ்த்தாள். சீனி அலமாரிக்குப் பின்னால் தரையை நனைத்துக்கொண்டிருந்தது.

அவர் ஓடிப்போய்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"குடிச்சா நனையுது. நீங்கதான் அள்ளிக் கொட்டுறீங்க" என்றாள் அவள், குழறிக் குழறி.

"ஐயோ, மொயலத்தான் சொன்னேன், பாக்கியம்."

அவள் அவரைக் கனிவோடுதான் பார்த்தாள்.

"என்னைக்கு என்கிட்ட நேராச் சொல்லியிருக்கீங்க?"

அவர் அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குடி, எவ்வளவு வேண்டுமானாலும் நனை, நான் துவைக்கிறேன் என்று அழுதார். அவர் நேராகக் கேட்டதால் அவள் மறுக்காமல் குடித்தாள். ஒவ்வொரு மிடறாக மூன்று தம்ளர். டாக்டரைக் கூட்டிவர அடுத்த வீட்டு அப்பாசாமி ஓடினார்.

மத்தியானம் அவள் கால்கள் வீங்கத் தொடங்கின. கணேசமூர்த்தி விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார். டாக்டர் வந்து நாடியைப் பிடித்தபோதும் அவர் கையை எடுக்கவில்லை. மூன்று தம்ளர் உள்ளே போயும் விரிப்பு காய்ந்தே இருந்தது.