ஒரு புள்ளிக்கு ஒரு வாட்ச்

பெங்களூரிலிருந்து வந்த என் மகன் கார்த்திக் அந்த வாட்சை என் கையில் கட்டிவிட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அறுபது வயது தாண்டும் வரை என் நெஞ்சு யாரையும் கேட்காமல்தான் துடித்துக்கொண்டிருந்தது. இனிமேல் அதை ஒருவர் கண்காணிக்க வேண்டுமாம். துடிப்பு, நடை என்று வாட்சிலிருந்து என் செல்லுக்கு வரும் தகவலெல்லாம் தன் செல்லுக்கும் வரும்படி செய்துவைத்துவிட்டான்.

"ஆத்தா, ஒனக்கும் ஒண்ணு வாங்கிரவா?" என்று அவன் அம்மாவைக் கேட்டான்.

"ஒரு புள்ளிக்கு எதுக்குடா ரெண்டு வாட்ச்?" என்றாள் என் மனைவி தேனம்மை.

எங்கள் நகரத்தார் கணக்கில் கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலில் அப்படித்தான், விசேஷ வீட்டில் அப்படித்தான். அவளுக்கு வாட்சிலும் அப்படித்தான். பையன் ஊருக்குப் போன மறுநாளே முறை வைத்துக்கொண்டோம். பகலில் செக்காலை ரோட்டுப் பெயிண்டுக் கடையில் நான் உட்கார்ந்திருக்கும்போது என் கையில். சாயங்காலம் அவள் கோயிலுக்கு நடந்துபோய் வரும்போது அவள் கையில். வாட்சுக்குள் இருந்த பெயரும் வயதும் மட்டும் எப்போதும் என்னுடையவை.

"அப்பச்சி, சாயங்காலம் நல்லா நடக்குறீக போலருக்கே! சூப்பர்!" என்று கார்த்திக் போனில் பாராட்டுவான். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

"நடக்குறது நான், பேரு ஒங்களுக்கா?" என்று தேனம்மை பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

ஒருநாள் கோயிலுக்குப் போய்வந்து அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கையில் வாட்ச் அதிர்ந்தது. என் செல்லும் கத்தியது. எடுத்துப் பார்த்தேன். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று போட்டிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் கார்த்திக் கூப்பிட்டுவிட்டான்.

"அப்பச்சி, அசையாம உக்காருங்க! எங்குட்டும் போகாதீக. நான் இப்பவே பஸ் ஏறுறேன். காலையில டாக்டரைப் பாத்துருவோம்."

"டேய், அது எனக்கு இல்லடா..." என்று ஆரம்பித்தேன். தேனம்மை என் வாயைப் பொத்திவிட்டு செல்லைப் பிடுங்கினாள். அப்பச்சிக்கு உப்பைக் குறை, வெயிட்டு எதையும் தூக்க விடாதே, எதிர்த்துப் பேசாதே என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்றாள். வாட்ச் அவள் கையில்தான் இருந்தது.

போனை வைத்ததும் அதைக் கழற்றி என் கையில் மாட்டினாள். "வாட்சு கோளாறா இருக்கும். ஒங்களுக்கும் டாக்டருகிட்ட காட்டி நாளாச்சு, நீங்க போயிக் காட்டுங்க. கண்டனூர்ல அண்ணன் மக கல்யாணம் வருது. இப்பப் போயி எனக்கு நெஞ்சு சரியில்லன்னு ஒரு பேச்சு கெளம்புனா, என்னைய ஒரு சேர்ல உக்காத்தி வச்சுப்புடுவாக."

அவள் உட்காருகிற அத்தை இல்லை. வருஷம் பூராவும் பூட்டிக்கிடக்கும் கண்டனூர்ப் பெரிய வீடு கல்யாணத்துக்குத் திறக்கும்போது, அடுப்படிக்கும் முகப்புக்குமாக ஓடுவதுதான் அவளுக்குச் சந்தோஷம். அது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வதும் தெரியும். கேட்டால் வெயில் என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் கிடையாது.

காலையில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மீனலோசனி என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார், ஸ்கேனும் பார்த்தார்.

"ஐயா, ஒங்க இதயம் நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

கார்த்திக் பெருமூச்சு விட்டான். தேனம்மை பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். "நான்தான் சொன்னேன்ல, வாட்சு கோளாறு. கெளம்புங்க, கெளம்புங்க."

நான் எழுந்திருக்கவில்லை. பேசினால் அவளுக்குக் கல்யாணம் போய்விடும், என்னையும் சும்மா விடமாட்டாள். பேசாமல் எழுந்து போனால் அவளே எனக்கு இல்லாமல் போகலாம்.

"டாக்டரம்மா, நீங்க பாதிப் புள்ளியத்தான் பாத்திருக்கீக," என்றேன். "மீதிப் பாதி அந்தா, கதவுகிட்ட நிக்குது. நேத்து வாட்சு கத்துனப்ப அவ கையிலதான் இருந்துச்சு."

டாக்டருக்கும் இதே ஊர்தான், புள்ளிக் கணக்கு தெரியும். சிரிக்காமல் எழுந்து, "ஆச்சி, இங்குட்டு வந்து படுங்க," என்றார்.

"அப்ப தினமும் சாயங்காலம் நடந்தது?" என்று கார்த்திக் என்னைப் பார்த்தான்.

"ஒங்காத்தா."

"நான் பாராட்டுனது?"

"என்னைய."

தேனம்மை என்னைக் கடந்து போகும்போது, "இனி எங்கூடப் பேசாதீக," என்றாள்.

அவளுக்கு எடுத்த ஈசிஜி என்னுடையதைப் போல இல்லை. துடிப்பு தாறுமாறாக இருந்தது. இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கலாம், நல்லவேளை, மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். கார்த்திக் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒனக்குன்னு ஒண்ணு வாங்காமப் போனேனே ஆத்தா." அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே டாக்டரிடம், "கல்யாணத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

"போலாம் ஆச்சி. ஆனா ஓடக் கூடாது. சேர்ல உக்காந்து வேலை வாங்குங்க."

இப்போது எங்கள் புள்ளிக்கு இரண்டு வாட்ச். கண்டனூர் கல்யாண வீட்டில் அவள் புது வாட்சோடு சேரில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசினாள், ஆனால் வேலை சொல்ல மட்டும். அடுப்படியில் பலகாரம் வந்துவிட்டதா பாருங்க, முகப்பில் யார் வந்திருக்காக பாருங்க, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி போச்சா பாருங்க. காலையிலிருந்து அந்த அரண்மனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில் என் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது.

சாயங்காலம் கார்த்திக் செல்லில் என் நடைக் கணக்கைப் பார்த்துவிட்டு நம்பாமல் என்னிடம் வந்தான்.

"அப்பச்சி, நெசமாச் சொல்லுங்க. இன்னைக்கு இம்புட்டும் நடந்தது நீங்கதானா?"

"இல்லப்பா," என்றேன். "இன்னைக்கும் ஒங்காத்தாதான் நடந்தா. காலு மட்டும் என்னுது."

சேரில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.