யானைக்குப் பாதி, டால்பினுக்குப் பாதி

அந்தப் பட்டறையில் எதையும் இரண்டாகப் பிரித்தால்தான் முதலாளிகளுக்குச் சோறு இறங்கும். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். மாமனார் விட்டுப்போன பட்டறையைச் சகலைகள் இருவரும் பதினாறு வருடமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள், அதாவது சேராமல் நடத்துகிறார்கள். செய்வது செயற்கைக் காலும் செயற்கைக் கையும். கடவுளே முன்கூட்டி யோசித்து வைத்ததுபோல் கால் பெரியவருக்கு, கை சின்னவருக்கு என்று பிரிந்துவிட்டது. மாடிப்படியின் இடது பாதி பச்சை, வலது பாதி நீலம். ஏசி ரிமோட் ஒற்றைப்படைத் தேதியில் பெரியவரிடம், இரட்டைப்படைத் தேதியில் சின்னவரிடம். முப்பத்தொன்றுக்கு மறுநாள் ஒன்றாம் தேதி என்று காலண்டர் செய்த ஓரவஞ்சனையை மட்டும் சின்னவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வயரக்கா அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரிண்டர், சுவரில் தொங்கும் வயர் எல்லாம் அவள் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். அவளுடைய ஒன்பது வயது மகளுக்குப் பிறவியிலேயே இடது முழங்காலுக்குக் கீழே கால் கிடையாது. ஊழியர் பிள்ளைகளுக்குப் பட்டறை கால் செய்து கொடுக்கும். இதைவிட நல்ல வேலைகள் தேடி வந்தும் வயரக்கா அசையாததற்கு அதுதான் காரணம். சகலைகளின் கூத்தைப் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள், வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். "என்னுது, உன்னுது, இதைத் தவிர அவங்களுக்கு வேற வார்த்தையே தெரியாதுங்க" என்பாள்.

சர்வரிலும் அதே பாகப்பிரிவினைதான். கால், கை, பொது என்று மூன்று ஃபோல்டர். பொது ஃபோல்டருக்குள் இருந்தது 'வளரும் பிள்ளைகள்': இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் அளவுகள். பிள்ளை வளர வளர ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் காலோ கையோ வேண்டும். ஒவ்வொரு தடவையும் எடுத்த ஸ்கேன், எங்கே எலும்பு உறுத்தியது, எங்கே தோல் உரிந்தது, எவ்வளவு தள்ளி வைத்தால் வலி நின்றது என்று எல்லாம் அதில் இருக்கும். அது இருந்தால் அடுத்த கால் இரண்டே வாரத்தில் பொருந்தும். இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்து மாவுக்கட்டு அச்சு, போட்டுப் பார்த்தல், புண், ஆறும்வரை காத்திருத்தல், மறுபடி அச்சு. நாலைந்து மாதம் பிள்ளை சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பக்கத்துத் தெரு அச்சகத்தில் ஒரு கம்ப்யூட்டர் எரிந்து சாம்பலான அன்று, நமக்கும் பேக்கப் வேண்டும் என்று இரண்டு முதலாளிகளுக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் போட்டார்கள். எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் நெட்வொர்க் வழியாகத் தானே கோப்புகளை வாங்கி ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும், காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வயரக்கா சொன்னாள்.

"யாரு வேணா எடுத்துக்கலாம்னா, குடுக்கறவனுக்கு என்னம்மா லாபம்?" என்றார் பெரியவர்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதுண்ணே" என்றார் சின்னவர்.

பத்து நிமிடத்தில் மென்பொருள் முடிவாகிவிட்டது. வயரக்காவுக்கே சந்தேகமாக இருந்தது, இவர்கள் இப்படி ஒத்துப்போகிற ஜாதி இல்லையே என்று. அப்போதுதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். எந்தக் கோப்பு எந்தத் தேதியில் எந்த டிஸ்கில் போய் உட்கார்ந்தது என்று எழுதி வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும், அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் எடுத்த பேக்கப் வைக்கோல் போருக்குள் விழுந்த ஊசிதான் என்று விளக்கினாள். யானைப் படம் போட்டது ஒன்று, டால்பின் படம் போட்டது ஒன்று, இரண்டும் இந்த மென்பொருளுக்கு ஒத்துவரும் என்றாள்.

"ரெண்டுமே நல்லதுதான் சார். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போட்டுடறேன்."

ஏதாவது ஒன்று என்பது அந்தப் பட்டறையில் கெட்ட வார்த்தை.

அடுத்த புதன்கிழமை பெரியவர் யானைக் கட்சி. யானை நிதானமானது, பாரம் தாங்கும், நாலு கால் உள்ளது, கால் பிரிவின் மானம் அதில் இருக்கிறது. சின்னவர் டால்பின் கட்சி. டால்பின் சுறுசுறுப்பானது, உலகம் பூராவும் நீந்துகிறது. டால்பினுக்கு ஏது கை என்று பெரியவர் கேட்டார். துடுப்பு என்பது கையின் இன்னொரு அவதாரம் என்று சின்னவர் ஒரு வாரம் படித்துவிட்டு வந்து பதில் சொன்னார். டேட்டாபேஸ் பற்றி மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் பதினோரு புதன்கிழமை போயிற்று. பல பேர் சேர்ந்து அடித்தால் பாம்பு சாகாது என்பார்கள். இங்கே இரண்டு பேர் அடித்தே பாம்பு தூங்கிவிட்டது.

பன்னிரண்டாம் புதனன்று தீர்ப்பு வந்தது. மென்பொருளை இரண்டு தடவை நிறுவ வேண்டும். கால் ஃபோல்டருக்கு ஒன்று, அதன் பதிவேடு யானையில். கை ஃபோல்டருக்கு ஒன்று, அதன் பதிவேடு டால்பினில். தனித்தனி டிஸ்க், ஒரே அளவு, ஒரே நிறம். ஒரே வேலைக்கு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. வயரக்கா ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை, சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

"சார், பொது ஃபோல்டர் எதுல வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"சின்னவர் பக்கம் போட்டுடும்மா" என்றார் பெரியவர். "நான் எடுத்தா, பிள்ளைங்களை எல்லாம் நானே வளைச்சுப் போட்டுக்கிட்டேன்னு வீட்ல பேச்சு வரும்."

"ஐயோ, பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி எடுக்கறது" என்றார் சின்னவர்.

"அப்ப ரெண்டுலயும் போட்டுடட்டுமா?"

"ரெண்டுலயும் போட்டா ரெண்டு டிஸ்க்லயும் சரிசமமா இடம் போகுதான்னு பாக்கணுமே. அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்மா" என்றார் பெரியவர்.

அந்தப் பிள்ளைகளின் சிரித்த முகங்கள் வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படமாகத் தொங்கின, எல்லாப் படத்திலும் இரு பக்கமும் இரண்டு முதலாளிகள். படம் எடுக்கும்போது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொந்தம். பேக்கப் எடுக்கும்போது நாதியில்லை.

அடுத்த கூட்டத்தில் பேச நேரமில்லை. அதற்கடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. வயரக்கா நினைத்திருந்தால் பொது ஃபோல்டரையும் எடு என்று மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர், கேட்காமல் ஒரு பிரிண்டரைக் கால் பக்கத்திலிருந்து கைப் பக்கம் நகர்த்தியதற்காக அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவள் வேலை போனால் மகளின் காலும் போகும். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று இருந்துவிட்டாள்.

இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா? ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, 'வளரும் பிள்ளைகள்' ஃபோல்டரைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெயருக்குள் தேடித் தன் மகளின் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் பிள்ளையின் விவரத்தை வெளியே கொண்டுபோவது தப்பு, விதியே இருக்கிறது. என் பிள்ளையுடையது எனக்குச் சொந்தம், இதில் யார் என்ன சொல்ல முடியும்? இவ்வளவு நியாயத்தையும் அவள் ஒரு நிமிடத்துக்குள் யோசித்து முடித்தாள், சகலைகள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை சர்வரின் டிஸ்க் செத்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை, கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வயரக்கா புது டிஸ்க் போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் மீட்டெடுக்கத் தொடங்கினாள். கை ஃபோல்டர் பன்னிரண்டு மணிக்கு முழுசாக வந்தது. கால் ஃபோல்டர் பன்னிரண்டரைக்கு வந்தது. டால்பின் அரை மணி முந்தி என்று சின்னவர் நடையிலேயே காட்டினார். யானை சுமந்தது எவ்வளவு, உன் மீன் சுமந்தது எவ்வளவு என்று பெரியவர் கேட்டார். டால்பின் மீனே இல்லை என்றார் சின்னவர். இருவருக்கும் அன்று ஏக சந்தோஷம்.

ஒரு மணிக்கு அளவுக்காரர் வந்து நின்றார். பிள்ளைகளுக்கு அளவெடுப்பது இருபது வருடமாக அவர்தான், மாவு படிந்த ஏப்ரனோடுதான் எங்கும் போவார்.

"பிள்ளைங்க ஃபோல்டர் தெரியலையேம்மா. இனிமேதான் வருமா?"

முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து வயரக்காவைப் பார்த்தார்கள். பதினாறு வருடத்தில் அவர்கள் ஒரே பக்கம் பார்த்தது அன்றுதான்.

"நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் பெரியவர்.

"அதானே?" என்றார் சின்னவர். பழியில் ஆளுக்குப் பாதிகூட எடுத்துக்கொள்ளாமல் முழுசையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, இருவரும் படியின் அவரவர் நிறத்தில் ஏறிப்போனார்கள்.

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் கேட்டேனே, தள்ளிப்போட்டது யார் என்று உள்ளுக்குள் கத்தினாள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற அந்தக் கோபம் சுகமாகக்கூட இருந்தது. அரை மணி நேரம் அதிலேயே இருந்தாள்.

அப்போது அளவறையிலிருந்து அழுகை கேட்டது. ஏழு வயதுப் பையன் ஒருவன், வலது கால் தொடைக்குக் கீழே இல்லாதவன், புதுக் கால் போட வந்திருந்தான். பஸ் ஓட்டும் அவன் அப்பா அன்று லீவு போட்டு அழைத்து வந்திருந்தார். பழைய அளவெல்லாம் போய்விட்டது, ஆரம்பத்திலிருந்து அச்சு எடுக்க வேண்டும் என்று அளவுக்காரர் சொன்னதும் அவன் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு விட மறுத்தான். முதல் தடவை அச்சு எடுத்தபோது வந்த புண் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அளவுக்காரர் அவளைக் கண்டதும் குரலைத் தணித்தார். "உன் பொண்ணையும் அடுத்த வாரம் வரச்சொல்லியிருந்தேன். அதுக்கும் மொதல்லேர்ந்து எடுக்கணுமேம்மா. மொத தடவை அந்தக் குழந்தை பட்ட பாட்டை நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்கு."

அந்த ஆறுதல்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பேசாமல் இருந்துவிட முடியுமா என்று ஒரு கணம் பார்த்தாள். மகள் நாலு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு போன நாள்கள் கண்முன் வந்தன. கைப்பையைத் திறந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் தெரிந்தது. பெயரைப் படித்தார். அதற்குக் கீழே, இன்னும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று காட்டும் நீளமான வெள்ளைப் பட்டையையும் பார்த்தார். பிறகு திரையை விட்டுத் தன் கையிலிருந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏதாவது கெடச்சிருச்சா?" பஸ் ஓட்டுநர் எழுந்து வந்தார். "எம் பையனோடதா?"

"இல்லண்ணே" என்றாள் வயரக்கா. "என் பொண்ணோடது."

அவர் முகம் ஒரு நொடி வாடியது. ஆனாலும் நல்ல மனுஷன், சமாளித்துக்கொண்டார். "பரவால்லம்மா. ஒரு குழந்தைக்காவது வலி மிச்சம்."

பிறகு குனிந்து, விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பென் டிரைவைப் பார்த்தார். அவருக்கு இந்தச் சமாசாரமெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இம்மாத்தூண்டு இருக்கே. இதுல ஒரு பிள்ளையோடதுதான் புடிக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். அளவுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்லண்ணே" என்றாள். "எல்லாப் பிள்ளைங்களோடதும் புடிக்கும்."