தட்டினால் கேட்கும் சத்தம்

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் அந்தக் காசோலை ஐம்பத்திரண்டு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டுவேனின் பழைய ஓய்வுக்காலக் கணக்கை மூடியபோது வந்தது. அறுபது நாளுக்குள் இன்னொரு ஓய்வுக்காலக் கணக்குக்குள் போகாவிட்டால் முழுத்தொகைக்கும் வரி. தங்கமாக மாற்றிவிடுவது என்று டுவேன் முடிவு செய்துவிட்டான். அந்தத் தங்கத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. விற்பவர் ஒருவர், பூட்டி வைக்கும் பெட்டகம் வேறொன்று, நடுவில் கணக்கை ஏற்று நடத்தி அரசுக்குப் பதில் சொல்ல ஒரு பாதுகாவல் நிறுவனம். அந்த நிறுவனம் எது என்பதுதான் பாக்கி. அதற்காகத்தான் அவன் மனைவி வெர்லீன் காலையிலிருந்து மேசைக்கும் சன்னலுக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காரேன் வெர்லி, தரை தேயுது. இந்தக் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு நூறு டாலர் கேக்கறான், எல்லார் தங்கமும் ஒரே குவியல். இன்னொருத்தன் முந்நூறு, நமக்குன்னு தனிப்பெட்டி. தங்கத்துல என்ன உன்னுது என்னுது? நம்ம கோதுமைய என்ன பேரெழுதியா பிரிச்சு வெச்சாங்க?"

அவன் சொன்னது சரிதான். பத்தொன்பது வருடம் ஊர் எல்லைத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டவள் அவள். நிறைந்த வண்டியை ஒரு தடவை, காலி வண்டியை ஒரு தடவை, வித்தியாசத்துக்கு ரசீது. கான்சாஸில் யாரும் தன் மணியையே திருப்பிக் கேட்பதில்லை. அதே அளவு, அதே தரம் கிடைத்தால் போதும். எழுதிய ரசீதும், கிடங்கின் உயரமான சேமிப்புக் கோபுரத்துக்குள் இருக்கும் தானியமும் ஒத்துப்போகும்வரை குவியலில் குற்றமில்லை. ஒத்துப்போகிறதா என்று தெரிய, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வந்து, உச்சியிலிருந்து அளவுநாடாவை இறக்கிப் பார்க்க வேண்டும்.

நூறு டாலர் நிறுவனத்துக்குப் போன் செய்து, தங்கத்தை எண்ணிப் பார்க்க வருபவர்கள் சொல்லிவிட்டா வருவார்கள் என்று கேட்டாள். "ஆடிட்டருங்க ஒரு வாரம் முன்னாடியே தேதி சொல்லிடுவாங்க மேடம்."

"ஒரு வாரத்துல எவ்வளவு வேணா ரொப்பலாமே தம்பி."

முந்நூறு டாலர் நிறுவனத்திலும் அதையே கேட்டாள். ஒரு பெண் பேசினாள். "எப்ப வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா."

"எண்ணினவங்க கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுவீங்களா?"

"அது... கேட்டுட்டுக் கூப்பிடறேனே."

டுவேன் சிரித்தான். "போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ. இதெல்லாம் யார் கத்துக்குடுத்தா?"

வெர்லீன் நின்றாள். "மூணாம் நம்பர் கோபுரம். நெறைஞ்சிருந்தா, தட்டினா மந்தமா கேக்கும். அந்த வருஷம் ஆகஸ்ட்ல தட்டினேன். கணீர்னுது."

"நவம்பர்லதானே கிடங்கை மூடினாங்க?"

"ஆமா."

"செப்டம்பர்ல நான் நாலு லோடு கொண்டாந்தேன்."

"ரசீது எழுதினது நான்தான். ரொப்பிடறேன்னு மொதலாளி சொன்னாரு. நம்பினேன். வேலை போயிடும்னும் பயம்."

அந்த நாலு லோடில் பாதிக்குக்கூடக் காசு வரவில்லை. அடுத்த வசந்தத்தில் தெற்கு வயலை விற்றார்கள்.

டுவேன் எழுந்து போய், அலமாரிப் பக்கம் இருந்த பெரிய மாவு டின்னின் மேல்பக்கத்தை விரல்முட்டியால் தட்டினான். கணீரென்றது. கொஞ்சம் கீழே தட்டினான். இன்னும் கீழே. மேசையில் போன் அடிக்கத் தொடங்கியது. சத்தம் எங்கே மந்தமாகிறது என்று தேடிக்கொண்டு அவன் விரல் இறங்கிக்கொண்டிருந்தது.