முடியைக் காணாத பூ

சிவராத்திரிக்கு மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு தாழம்பூ சிவன் கோயிலுக்கு வந்திருந்தது. அழைத்து வந்தவர் சன்னிதித் தெரு பூக்கடை சௌந்தரவல்லி. எங்கள் பத்திரிகைக்காக ஆண்டுதோறும் இந்த விசாரணைக்கு நான்தான் போகிறேன்.

சிவனின் முடியைத் தேடிப் பறந்த பிரம்மன் அதைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்னதால், தாழம்பூ பூசைக்கு ஆகாது. மறுபடி அந்தத் தலையில் ஏற வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

"இந்த வருஷமும் அழைச்சுண்டு வந்துட்டியாம்மா?" என்றார் சாம்பமூர்த்தி குருக்கள், இடுப்புச் சாவிக்கொத்தைச் சரிசெய்தபடி.

"நான் எங்க சாமி கூட்டியாந்தேன்? அதுதான் முள்ளால குத்தி என்னை எழுப்பிச்சு."

குருக்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "முடி எப்படி இருந்தது?"

போன வருடம் பொன்போல் இருந்தது என்று பூ சொன்னது. அதற்கு முந்தைய வருடம் நிலவுபோல். இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சாமி, உங்க குடுமி எப்படி இருக்கும்?" என்று கேட்டது பூ.

குருக்கள் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார். "நான் எங்கே பார்த்தேன்?"

"நானும் சிவன் தலையிலேயேதான் இருந்தேன். பார்த்ததில்லை."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று பூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கருவறையில் லிங்கம் அவர் மார்பளவு இருந்தது. பூவை உயர்த்தியதும் அதுவும் ஒரு முழம் உயர்ந்தது. முக்காலி போட்டார்கள். பிறகு கோபுரத்துக்கு விளக்குக் கட்டும் ஏணி வந்தது. கூரை விலகி வழிவிட்டது. ஏணி தீர்ந்த இடத்தில், குருக்கள் லிங்கத்தையே கட்டிக்கொண்டு ஏறினார்.

"வாடுறதுக்குள்ள வச்சிருங்க சாமி" என்று சௌந்தரவல்லி அண்ணாந்து சொன்னார்.

"வாடினாலும் இதுக்கு வாசனை போகாதும்மா" என்று மேலிருந்து குரல் வந்தது. அதில் அவசரம் இல்லை.

அன்று மாலையிலிருந்து குருக்களின் தம்பி அடியில் பூசை செய்கிறார். அபிஷேகத் தீர்த்தத்தில் தாழம்பூ மணக்கிறது. மேலே போன பூவின் மணம்தான் என்கிறார் சௌந்தரவல்லி. வைத்தாயிற்றா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

ஆனி மூன்றாம் தேதி உச்சிகால பூசையின்போது, மேலிருந்து குருக்களின் சாவிக்கொத்து விழுந்தது. அவர் முடியைக் கண்டாரா என்று அதனிடம் கேட்டோம். பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டது. கொடுத்திருக்கிறோம்.