பாதியில் நின்ற பேச்சு

கரண்டு போனபோது லேப்டாப் திரையில் நீலப் பட்டை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மேலே ஃபேன் சுற்றி ஓய்வதற்குள் திரை கறுத்துவிட்டது. அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. வயரைப் பிடுங்கினாலே அணைந்துபோகும். இதெல்லாம் ஜெப ஷீலாவுக்குத் தெரியும். தெரிந்தேதான், மத்தியானத்தில் எம்.ரெட்டியபட்டியில் கரண்டு போகாது என்ற தைரியத்தில், புது சிஸ்டத்தை ஏற்ற உட்கார்ந்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாம்ராஜ் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். முதலில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பிறகு நாக்குக் குழறியது. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்கிற வியாதி என்று பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். கடைசியில் அவர் சொன்னபடி கேட்கக் கண்ணும் வலதுகைப் பெருவிரலும்தான் மிச்சமிருந்தன. ஜெர்மனியில் இருக்கும் அவர் தம்பி ஜோஸ்வா, அந்த ஒரு விரலுக்காகவே லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கூட வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியர் எழுதிக்கொடுத்த புரோகிராம் அதில் இருந்தது. திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய எழுத்து வரும்போது சாம்ராஜ் விரலடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். அப்படித்தான் காப்பியில் சீனி கூடிப்போச்சு என்பார். பக்கத்து வீட்டுத் தங்கலட்சுமியின் ஆடு குட்டி போட்டுவிட்டதா என்று கேட்பார். மனைவி பிலோமியைக் கிண்டல் செய்வார்.

மெஷின் அடிக்கடி பாதி வாக்கியத்தில் உறைந்து நின்றுவிடும். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும் ஷீலாவுக்கு அது பொறுக்கவில்லை. புது சிஸ்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். 'இருக்கிறது போதும்' என்று அப்பா எழுதினார். அவள் சிரித்துவிட்டு சிடியைச் செருகினாள்.

கரண்டு வந்ததும் மெஷினைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றது. ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லையாம். திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே வரிதான். ஃபிளாப்பி போட்டு உள்ளே நுழைந்தாள். அங்கிருந்து சிடியைக் கூப்பிட வேண்டும். ஆனால் அந்த லேப்டாப்பில் ஃபிளாப்பிக்கும் சிடிக்கும் ஒரே பொந்துதான். ஒன்றைக் கழற்றினால்தான் மற்றொன்றை மாட்டலாம். ஃபிளாப்பி இல்லாமல் மெஷின் எழாது. சிடி இல்லாமல் சிஸ்டம் ஏறாது. சாயங்காலம்வரை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து, அவள் விரல் நகம் பிய்ந்துபோனது.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அப்பாவின் முகம் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. அது வார்த்தையும் இல்லை, முனகலும் இல்லை. லேப்டாப் வருவதற்கு முன்னால் செய்ததைப்போல, ஆமாம் என்றால் கண்ணை மூடச் சொல்லிப் பிலோமி கேட்டுப் பார்த்தாள். தலை வலியா என்றாள்; கண் மூடியது. நெஞ்சா என்றாள், மூடியது. வயிறா என்று கேட்டபோது இறுக்கி மூடியது. வலியில் தானாக மூடுகிறதா, ஆமாம் என்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தாலும் அதே கதிதான். எந்த எழுத்துக்கும் கண் மூடியது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடிந்ததும் டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து ஊசி போட்டுவிட்டுப் போனார். வலி போகவில்லை.

பிலோமி மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஷீலாவுக்கு.

எஸ்டிடி பூத்திலிருந்து சித்தப்பாவுக்குப் பேசினாள். புரோகிராமை எழுதியவர் விடுமுறையில் எங்கேயோ மலைப்பக்கம் போயிருக்கிறார் என்றார் ஜோஸ்வா. புரோகிராமின் நகல் என்று அவர் கொடுத்திருந்த ஃபிளாப்பியை ஷீலா எடுத்துப் பார்த்திருந்தாள். உள்ளே பூசணம் பிடித்திருந்தது. அப்படியானால் அந்தப் புரோகிராம் செத்துக்கிடக்கும் மெஷினுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட்டால் அப்பாவின் பேச்சு அதோடு போச்சு.

சென்டரை நடத்தும் ஜெகதீஸ்வரனிடம் ஓடினாள். டிஸ்க்கை மட்டும் கழற்றிச் சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டலாம், ஆனால் லேப்டாப் டிஸ்க்கின் ஊசிகள் சின்னவை, அதற்கென்று ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், மதுரையில் கிடைத்தால் உண்டு என்றார் அவர். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினாள். காரியாபட்டி தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிஸ்க்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

முதலில் போன கடையில் இருந்தவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னான். உள்ளே இருப்பது வேண்டும் என்றாள். அப்படி என்ன பெரிய டேட்டா என்று கேட்டான். டிஸ்க்கைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் இந்நேரம் அப்பாவுக்கு எப்படியிருக்கிறதோ என்று நினைத்ததும் எழுந்து, கண்ணில் பட்ட கம்ப்யூட்டர் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். வெயில் தாழ்ந்த நேரத்தில், பழைய மெஷின்களைப் பிரித்துப்போட்டிருந்த ஒரு கடையில் அந்தக் கன்வெர்ட்டர் இருந்தது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன. அப்பாவின் புரோகிராம் அப்படியே இருந்தது. அதை முதலில் வேறு ஃபிளாப்பிகளில் எடுத்துக்கொண்டாள். பிறகு சிடியில் இருந்ததை எல்லாம் டிஸ்க்குக்குள்ளேயே ஏற்றினாள். இனிச் சிடி வேண்டாம்; ஃபிளாப்பி போதும்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே பிலோமி நின்றாள்.

"கஞ்சியும் இறங்க மாட்டேங்குதும்மா. அவுக என்னயப் பாக்குற பார்வையப் பாக்க முடியல."

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரனே ஒரு யூபிஎஸ்ஸை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். ஷீலா டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி மறுபடி ஆரம்பித்தாள். நீலப் பட்டை நகர்ந்தது. பிலோமி ஜெபம் செய்துகொண்டே புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். பட்டை அன்றைக்கு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. புது சிஸ்டம் வந்தது. புரோகிராமைத் திறந்தாள். எழுத்துகள் ஒளிர்ந்து நகர்ந்தன.

பொத்தானை அப்பாவின் விரலடியில் வைத்தாள். "அழுத்துங்கப்பா."

விரல் அழுந்தியது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். எழுத்துகள் அவரைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தன. ஷீலா பொத்தானை வாங்கித் தானே குத்தினாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றுமில்லை. அப்பா அழுத்துவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு நெஞ்சு விட்டுப்போனது. கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டாள்.

"என்னால முடியலம்மா. நான்தான் கெடுத்தேன், நான்தான்."

பிலோமி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "அழுதுட்டு இருந்தா யாரு பாப்பா? எந்திரி. அந்தப் பொத்தான் எதுல சொருகியிருக்கு, அதப் பாரு."

அம்மா சொன்னது கம்ப்யூட்டர் தெரிந்து சொன்னதல்ல. ஆனால் பார்க்க வேண்டியது அதுதான். பொத்தான் பின்பக்கத்து சீரியல் போர்ட்டில் செருகியிருந்தது. சிஸ்டத்தில் எந்தச் சாமான் எந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அந்த லேப்டாப்பின் ஓரத்தில், வயரில்லாமல் செய்தி அனுப்புகிற இன்ஃப்ராரெட் கண் ஒன்று இருந்தது. யாரும் அதை ஒருநாளும் தொட்டதில்லை. புது சிஸ்டம் அதைத் தானாகக் கண்டுபிடித்து, பொத்தானின் இடத்தை அதற்குத் தூக்கிக் கொடுத்திருந்தது. ஷீலா அதை முடக்கினாள். மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். புரோகிராமைத் திறந்து, பொத்தானை அப்பாவின் விரலடியில் வைத்தாள்.

எழுத்து நகர்ந்தது. விரல் அழுந்தியது. 'கா' கீழே வந்து உட்கார்ந்தது.

இருவரும் திரைப்பக்கம் குனிந்தார்கள். அடுத்த எழுத்துக்கு வெகுநேரம் ஆனது. இடையில் தப்பான எழுத்து விழுந்து, அதை அழித்தார். 'து' வந்தது.

"காதா?" என்றாள் பிலோமி.

'ஊருது' என்று எழுதினார் சாம்ராஜ்.

வலது காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆழத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. தங்கலட்சுமி ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து கட்டிலில் விட்டு விளையாட்டுக் காட்டியது அப்போதுதான் பிலோமிக்கு ஞாபகம் வந்தது. டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சின்ன இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தார். ரத்தம் குடித்துப் பருத்த ஓர் உண்ணி காலை உதைத்துக்கொண்டு வந்தது. இத்தனை நேரமும் அது அவர் காதுக்குள் இருந்திருக்கிறது. இவர்கள் வயிற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிலோமி திரும்பி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் போன பிறகு சாம்ராஜின் முகம் மெல்ல இளகியது. ஷீலா கட்டிலோரம் உட்கார்ந்தாள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எம்மேல கோவமாப்பா?"

எழுத்துகள் நகர்ந்தன. முதல் வரிசை போனது, இரண்டாம் வரிசை போனது. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தைத் தொட்டு ஒளி மறுபடி 'அ'வுக்கு வந்தது. விரல் அசையவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்தாள்.

சாம்ராஜ் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார். அம்மா கையசைத்து அவளை எழுந்துவரச் சொன்னாள். அவள் எழவில்லை. திரையில் எழுத்துகள் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தன. அணைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.